மறதிக்கு உகந்த பழக்கங்கள்

காலையில் வெறும் வயிற்றோடு வாக்கிங் போவது நல்லதா, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லதா என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. போன மாதம் படித்த கட்டுரை வெறும் வயிறுதான் நல்லது என்றது. அதற்கு முந்திய மாதம் படித்தது அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றது. யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம் என்று ஊறவைத்த பாதாம் நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டு சேலையூர் ஏரிப் பக்கம் போய்விட்டு வருகிறேன். இந்த வயதில் இவ்வளவு ஒழுங்கான பிரஷரைப் பார்ப்பதே அபூர்வம் என்று டாக்டர் கிறிஸ்டினா சொல்கிறார்.

உட்கார் தீபா. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதில் உட்கார். உன்னை நீ என்றே கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்காதே. வாழ்நாள் முழுக்க பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்த வாய், இனிமேல் மாறாது. போன தடவை வந்தபோது உன் ஆராய்ச்சிக்கு வேண்டியதெல்லாம் கேட்டாய். என் கணவருக்கு மறதி எப்போது தொடங்கியது, சர்க்கரை உண்டா, அவர் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். போனில் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, கேள்வியில் இல்லாத ஒன்றைக் கேட்டாய். “எப்படி ஆன்ட்டி இவ்ளோ பொறுமையா பாத்துக்கறீங்க?” அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். போன் ஓடட்டும், பரவாயில்லை.

இப்போது நீ உள்ளே வரும்போது அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டு, எதையோ எடுத்து, உன் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஒன்றும் இல்லை. நீ சிரிக்காமல், முகம் மாறாமல் வாங்கிக்கொண்டாய். நல்ல வளர்ப்பு. சாயங்காலமானால் இதுதான் அவருக்கு வேலை. வாசலோடு போகிற சின்ன வயசுக்காரர்கள் யாராக இருந்தாலும் கூப்பிட்டுக் கொடுப்பார். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஞாபகம் இருந்தால்.

அசரியா சார் என்றால் கேம்ப் ரோட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். பேங்கில் ஆபீசராக இருந்தார். சர்ச் கொயரில் அடிக்குரல் பாடுகிறவர். இருபது வருஷத்துக்கு முன் லோன் வாங்கினவனைத் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தாலும் அவன் பெயர், அவன் அப்பா பெயர், எந்த ஊரில் பெண் எடுத்தான் என்பது வரைக்கும் சொல்லுவார். பைபிளில் எந்தச் சங்கீதத்தில் எந்த வசனம் என்று கேட்டால் புத்தகத்தைத் திறக்காமல் சொல்லுவார். சின்னதாகட்டும் பெரிதாகட்டும், ஒன்றையும் விடமாட்டார். அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ஜோஸ்வின். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அந்த வருஷ மழைக்காலத்தில் கால்வாய் போடுகிறோம் என்று கேம்ப் ரோட்டை நெடுகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் வீட்டில் தயிர் இல்லை. தயிர் இல்லாவிட்டால் அசரியாவுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது. தெருமுனைக் கடைக்கு நடந்து போய் ஒரு பாக்கெட் வாங்கிவரும்படி நான் ஜோஸ்வினிடம் சொன்னேன். நடந்து போ என்றுதான் சொன்னேன். பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுக்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்பது இந்த வீட்டில் நான் போட்ட சட்டம். அவன் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முனைக் கடையில் தயிர் தீர்ந்துபோயிருக்க வேண்டும், மெயின் ரோடு வரை போயிருக்கிறான். தண்ணீர் லாரி. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வண்டிச் சாவி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அங்கே மாட்டுவது என் வழக்கம். கண்ணில் படுகிற மாதிரி தொங்கினதால் எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று அசரியா சொன்னார். போலீஸிலும் அதைத்தான் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி ஏழரைக்குக் குடும்ப ஜெபம். நீ இந்து வீட்டுப் பிள்ளை, உனக்குத் தெரிந்திருக்காது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பாட்டு, வேதத்தில் ஓர் அதிகாரம், பிறகு வீட்டுத் தலைவர் ஜெபிப்பார். அடக்கம் முடிந்த அந்த வாரத்திலிருந்தே அவர் ஜெபத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. “ஆண்டவரே, அறியாமையினாலே அந்த வேளையில் பிள்ளையை வெளியே அனுப்பின உம்முடைய அடியாளை மன்னியும்.” அடியாள் என்றால் நான்தான். மன்னியும் என்ற இடம் வரும்போது அவருக்குக் குரல் உடையும். கொஞ்சம் நிறுத்தி, மூக்கை உறிஞ்சிவிட்டு, மறுபடி தொடங்குவார்.

அந்த வரியை அவர் ஒருநாளும் விட்டதில்லை. என் தங்கை குடும்பம் வந்திருந்தபோதும் சொன்னார். சர்ச் ஆயர் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் சொன்னார். கிறிஸ்துமஸ் ராத்திரி, நட்சத்திரத்துக்கு லைட் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, அன்றைக்கும் சொன்னார். காய்ச்சலில் வாய் குழறினபோது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னார். ஆமென் சொன்ன பிறகு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷன் உங்கள் வீட்டுக்காரர், வேறொருத்தராக இருந்தால் தலைமுழுகியிருப்பார் என்பார்கள். நான் ஆமாம் என்பேன். உண்மைதான். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. கை ஓங்கியதில்லை. மன்னித்துக்கொண்டே இருந்தார்.

ஒரே ஒரு தடவை அதை விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் உன்னைக் குறை சொல்லலையே கிருபா. மன்னிக்கத்தானே சொல்றேன்.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அடிக்கிற புருஷனைப் பற்றி யாரிடமாவது சொல்லி அழலாம். ஜெபிக்கிற புருஷனைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? நான் அவரை வெறுத்தேன். இதை வாயைத் திறந்து சொல்வது இதுதான் முதல் தடவை. நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் டாக்டர் கிறிஸ்டினா பேசினார். முதுமையில் மறதி என்று தலைப்பு. புது ஆராய்ச்சிகளில் கண்டுபிடித்ததையெல்லாம் படம் போட்டுக் காட்டினார். மறதி நோய் எல்லாமே தலையெழுத்து இல்லை, நம் பழக்கவழக்கத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் கணிசமான பேருக்கு அதைத் தள்ளிப்போடலாம் என்றார். காது கேட்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மிஷின் வையுங்கள், தினமும் நடங்கள், நாலு பேரோடு பழகுங்கள், மூளைக்கு வேலை கொடுங்கள், நன்றாகத் தூங்குங்கள், பிரஷரைப் பாருங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு சமோசாவை எடுத்துக்கொண்டார்கள்.

வாய்ப்பாட்டை மேலிருந்து கீழே சொல்லத் தெரிந்தவளுக்குக் கீழிருந்து மேலேயும் சொல்லத் தெரியும். எதைச் செய்தால் ஞாபகம் தங்கும் என்று ஒருத்தர் சொல்லிக்கொடுத்துவிட்டால், எதைச் செய்தால் தங்காது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்த மாதிரிதான். டாக்டரம்மாவுக்கு இது தோன்றியிருக்காது. நல்லவர்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில் அசரியாவுக்கு லேசாகத் தடுமாற்றம் தொடங்கியிருந்தது. கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். பக்கத்துத் தெருப் பெயர் வாயில் வராது. வேறொரு மனைவியாக இருந்தால் பயந்திருப்பாள். நான் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த ஒரு வரியை மறந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மறதி அப்படி ஒரு வரியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகாது, தொடங்கினால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுதான் போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாளாம் என்பார்கள். நான் கொளுத்தவில்லை. விளக்குகளைத்தான் ஒவ்வொன்றாக அணைத்தேன்.

முதலில் காது மிஷின். ரிட்டயர் ஆன புதிதில் வாங்கியது. காதில் வைத்தால் சில சமயம் கூவும், அவர் எடுத்து மேஜை மேல் போட்டுவிட்டு மறந்துவிடுவார். எத்தனையோ தடவை நான்தான் தேடி எடுத்து மாட்டிவிட்டிருக்கிறேன். அந்த வாரம் எடுத்து பீரோவில், என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், பார்ட் வர வேண்டுமாம் என்று சொன்னேன். தினமும் கேட்டார். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை கேட்டார். பிறகு மிஷின் என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டார். அன்றைக்குத்தான் என் வழி சரியான வழி என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்தது நடை. காலையில் அரிகிருஷ்ணனோடு ஏரிக்கரையில் நடப்பார். அரிகிருஷ்ணன் இந்த ஊர்ப் பூர்வீகக்காரர், ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம், இப்போது கேம்ப் ரோட்டில் வரிசையாகக் கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். ஓயாமல் பேசுகிறவர். ஊரில் யார் யாரோடு வாய்க்கால் தகராறு, எந்த நிலம் எப்போது பிளாட் ஆனது என்று பேசிக்கொண்டே வருவார், இவர் இடையில் புகுந்து வருஷத்தைத் திருத்துவார். ஏரிப் பக்கம் நாய்த்தொல்லை அதிகமாகிவிட்டது, ஒருத்தரைக் கடித்துவிட்டது என்று நான் அசரியாவிடம் சொன்னேன். அது பொய்யும் இல்லை, நாய் எப்போதும் யாரையாவது கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. சில நாள் கழித்து அரிகிருஷ்ணன் கேட்டில் வந்து நின்றார்.

“இன்னா டீச்சர், சாரை ஆளையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

டாக்டர் நடக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், இதயத்தில் கொஞ்சம் பலவீனம் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. நல்ல மனிதர். அப்புறமும் சில தடவை வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிப்பார்த்தார். இவருக்குக் காதில் விழவில்லை. அவர் கத்தினார், இவர் வேறு எதற்கோ பதில் சொன்னார். கத்திக் கத்தி எவ்வளவு நாள்தான் சிநேகம் வளர்க்க முடியும்? அவரும் நின்றுவிட்டார்.

கொயரை விட வைப்பதற்கு நான் ஒன்றும் செய்யவே வேண்டியிருக்கவில்லை. காது கேட்காதவருக்குச் சுருதி எங்கிருந்து வரும்? ஒரு ஞாயிறு எல்லோரும் நிறுத்திய பிறகும் இவர் ஒருத்தர் மட்டும் பாடிக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதார். இனிமேல் போக வேண்டாம், வீட்டிலேயே ஆண்டவரைத் துதிக்கலாம் என்று தட்டிக்கொடுத்தேன். அன்றைக்கு அவர் அழுதது எனக்கு என்னவோ செய்தது. சாப்பிட முடியவில்லை. ஆனால் ஏழரை மணிக்கு அந்த வரியைச் சொன்னார், பிறகு பசித்தது.

மற்றவையெல்லாம் சில்லறை. கண்ணுக்குக் கஷ்டம் என்று பேப்பரை நிறுத்தினேன், அதோடு அவர் பென்சில் வைத்துக்கொண்டு போடுகிற சுடோகுவும் போயிற்று. டிவியைக் காலையில் போட்டால் படுக்கும்வரை ஓடும். பேங்க் வேலை, கரண்ட் பில், காய்கறி, எல்லாவற்றையும் நானே செய்தேன். சட்டைப் பொத்தானை அவர் போட ஆரம்பித்தால் நான் போய்ப் போட்டுவிடுவேன். ஆரஞ்சைச் சுளை சுளையாக உரித்து, கொட்டை எடுத்து, கையில் கொடுப்பேன். பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள். அவருக்குப் பிடிக்குமே என்று கருவாடும் ஊறுகாயும் குறையாமல் வைத்தேன். மத்தியானம் நெடுநேரம் தூங்க விடுவேன், அதனால் ராத்திரி தூக்கம் வராது, அதனால் ஒரு மாத்திரை. சளிக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரைதான், தூக்கம் வரும். சில வகையை நாள்கணக்கில் சாப்பிட்டால் ஞாபகசக்திக்கு ஆகாது என்று ஒரு கட்டுரையில் படித்திருந்தேன். சளி இல்லாத மனுஷனுக்கு அதைத் தினமும் கொடுத்தேன். இந்த ஒன்றை மட்டும் அன்பு என்று பெயர் வைக்க என்னால் முடியவில்லை, அதனால் அதைப் பற்றி யோசிக்காமல் கொடுத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஹாலில் கேட்ட நல்ல பழக்கங்கள் எதையும் நான் வீணாக்கவில்லை. எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொண்டேன். அரிகிருஷ்ணன் கோஷ்டியோடு இப்போது ஏரிக்கரையில் நடப்பது நான். அவர் விட்ட கொயரில் ஆள் குறைந்ததால் பெண்கள் பக்கம் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். போனில் தெலுங்கு படிக்கிறேன், புது மொழி மூளைக்கு நல்லதாம். உப்பைக் குறைத்துவிட்டேன், என் தட்டில் மட்டும். சாரைக் கண்ணுல வெச்சிப் பாத்துக்கறீங்க டீச்சர் என்று அரிகிருஷ்ணன் நடந்துகொண்டே சொல்லுவார். நானும் நடந்துகொண்டே கேட்டுக்கொள்வேன்.

அறிவியல் டீச்சராக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் ஆராய்ச்சிகள் எதிலும் காரணம் என்ற சொல் வருவதில்லை. தொடர்பு என்றுதான் போடுகிறீர்கள். காது கேட்காததற்கும் மறதிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது, தனிமைக்கும் மறதிக்கும் தொடர்பு இருக்கக்கூடும். அவ்வளவுதான். நான் எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் அவருக்கு வந்திருக்கலாம். தினமும் நடந்து, பாடி, சுடோகு போட்ட எத்தனையோ பேருக்கு வந்திருக்கிறது. அதனால் நான்தான் செய்தேன் என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே. நடந்ததோ நடக்கவில்லையோ, அது நடக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் எழுந்தேன். அசரியாவின் ஞாபகத்தை எடுத்தது நான். இதை நீ எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

இடையில் ஒன்று நடந்தது. அவருக்கே தெரிய ஆரம்பித்த காலம் அது. தன்னிடமிருந்து என்னென்னவோ நழுவுகிறது என்று தெரிந்து, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“கிருபா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மறந்து போறதுக்கு முன்னாடி சொல்லிடணும். ஜோஸ்வின் விஷயம்.”

அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டதும் எனக்கு அலுப்புதான் வந்தது. ஜெபத்தில் சொல்வது போதாது, இனிமேல் சாப்பாட்டு மேஜையிலும் மன்னிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லுங்கள் என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. மறுபடி வாயைத் திறந்தார். நான் எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு விழுங்கினார். மறுநாள் அவருக்கு அது ஞாபகம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அதற்கு அடுத்த வருஷம், தவக்காலத்தில் ஒரு நாள், அந்த வரி நின்றது. வழக்கம்போல ஆண்டவரே என்று தொடங்கினார். அங்கேயே நின்றார். அடுத்தது என்ன என்று இருட்டில் படிக்கட்டைக் காலால் தேடுகிற மாதிரி தேடினார். கிடைக்கவில்லை. பரமண்டலத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று சின்ன வயதில் படித்த ஜெபத்தைச் சொல்லி முடித்துவிட்டார். நான் ஆமென் சொன்னேன். மறுநாள் கேசரி கிண்டினேன். ஏன் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.

ஹாலில் ஜோஸ்வின் படம் இருக்கிறதே, அதைப் பார்த்து, யார் இந்தப் பையன், களையாக இருக்கிறானே என்பார். என்னைச் சிஸ்டர் என்று கூப்பிடுவார். நர்ஸ் என்று நினைக்கிறாரா, சர்ச்சில் யாரோ என்று நினைக்கிறாரா, தெரியாது. நான் கேட்டதும் இதைத்தான், எனக்குக் கிடைத்ததும் இதைத்தான். குறை ஒன்றும் இல்லை. நீ பொறுமை என்று சொன்னாயே, அது பொறுமை இல்லை தீபா. அறுவடை முடிந்த வயலில் யாரும் அவசரப்படுவதில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தப் பாக்கெட் விஷயம். அது தொடங்கி ரொம்ப நாள் இல்லை. சாயங்காலமானால் கேட்டுக்குப் போவார், பாக்கெட்டில் கையை விடுவார், எடுத்துக் கொடுப்பார். முதலில் வாய் பேசாமல்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த நோயில் கை எதையாவது செய்துகொண்டே இருக்கும் என்பார்கள், நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் சாப்பாடு டெலிவரிக்குப் போகிற பையன் ஒருத்தன் மழைக்காக நம் கேட்டு ஓரம் ஒதுங்கி நின்றான். அசரியா நனைந்துகொண்டு அவன் பக்கத்தில் போய்விட்டார். தலை துவட்டத் துண்டை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். நான் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்து, அவன் விரல்களை மூடினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். காது கேட்காதவர் தாழ்த்திப் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

“நடந்து போனா நனைஞ்சிடுவேடா. இந்தா, வண்டிய எடுத்துட்டுப் போ. சீக்கிரம் வந்துடு. அம்மாகிட்ட சொல்லாத.”

அந்தப் பையன் சரி அங்கிள் என்றான். மழை விட்டதும் போய்விட்டான்.

நான் அவரை உள்ளே கூட்டிவந்து தலையைத் துவட்டினேன். பிறகு பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து காது மிஷினை எடுத்தேன். பேட்டரி செத்திருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோட்டுக்கு நடந்து போய்ப் புது பேட்டரி வாங்கிவந்து போட்டேன். அவர் காதில் வைத்தேன். கூவியது, பிறகு சரியாயிற்று. ஃபேன் சத்தத்தை அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து, அன்றைக்குச் சாவியை யார் கொடுத்தது, நீங்களா கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நான் பேசியது அவருக்கு முழுசாகக் கேட்டது. மரியாதையாகச் சிரித்தார்.

“எந்தச் சாவி, சிஸ்டர்?”

திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு. ஏழரை ஆகிவிட்டது, ஜெபத்துக்கு உட்கார்ந்தோம்.

டாக்டர் கிறிஸ்டினாவிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன், இந்த நிலைமையில் இருக்கிறவர்கள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று. நம்பவே கூடாது என்றார். நடக்காததை நடந்ததாகச் சொல்லுவார்கள், யாரோ செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லுவார்கள், எதிர்த்துப் பேசாதீர்கள் என்றார். டாக்டரே சொல்லிவிட்டார். ஆகவே அது நடக்கவில்லை. சாவி ஆணியில்தான் தொங்கியது, ஜோஸ்வின்தான் எடுத்தான், மாட்டியது நான், அனுப்பியது நான். நான் அவரை வெறுத்ததற்குக் காரணம் இருந்தது, செய்ததற்கும் காரணம் இருந்தது, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. உன் கேள்விகளில் ஒன்று வரும், நடக்காததை நடந்ததாகச் சொல்கிறாரா என்று. போன தடவை இல்லை என்று சொல்லியிருந்தேன். ஆமாம் என்று மாற்றிக்கொள்.

கிளம்பு, மழை வரும்போல் இருக்கிறது. உன் வண்டி வெளியேதானே நிற்கிறது? மெதுவாகப் போ. போகும்போது ஒன்று மட்டும் செய்துவிட்டுப் போ. அவர் உன் கையில் கொடுத்ததைக் கொண்டுபோய்விடாதே. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு காலண்டர் தொங்குகிறது பார், அதற்குப் பின்னால் ஆணி இருக்கிறது. அதில் மாட்டிவிட்டுப் போ.